டிக்‌ஷனரி செய்த பிழை

புதன்கிழமை, பகல் 1.10. மருந்துக் கிடங்கின் குளிர் அறையில் ஒரு பெரிய ஐஸ் பெட்டியைக் காணவில்லை. உள்ளே ஆறு ஊசி மருந்து. ஒவ்வொன்றின் விலையும் வாட்ச்மேனின் மூன்று மாதச் சம்பளம். காலை ஒன்பது மணிக்கு எண்ணியபோது இருந்தது. பூட்டு உடையவில்லை. சாவி தொங்குவதோ வாட்ச்மேன் அறையில். அப்புறம் என்ன, பழி அவர் தலையில் விழுந்தது.

வெள்ளிக்கிழமை, மாலை 4.15.

"அஞ்சு மணிக்குள்ள பெட்டி வரலைன்னா உனக்கு வேலை இல்ல. போலீசும் வரும்" என்றார் மேனேஜர்.

"அன்னிக்கு ஒம்பதரைக்கு டீ வாங்கப் போனேன் சார். அஞ்சே நிமிஷம்" என்றார் வாட்ச்மேன், நூறாவது தடவையாக.

கணக்கு பார்க்கும் அம்மாளுக்கு மனசு கேட்கவில்லை. அவர் மேசையில் அந்த வாரத்துப் பயணப் படிவங்கள். ஃபேர், டோல், ஃபீ, ஃபைன் என்று நான்கு கட்டங்கள். நம் ஆட்களுக்கு நான்கும் ஒன்றுதான். வண்டியைக் கண்ட இடத்தில் நிறுத்திக் கட்டிய அபராதத்தைக் கூச்சமே இல்லாமல் ஃபேரில் எழுதுவார்கள். இவர்களைத் திருத்தவே ஒரு விற்பனைப் பிரதிநிதி மாதாமாதம் வகுப்பு எடுத்தார். "டிக்கெட் வாங்கி ஏறினா ஃபேர். வண்டி ஓட்டிட்டுப் போய் ரோட்டுக்குக் கட்டினா டோல். அடுத்தவங்க செஞ்ச வேலைக்கு ஃபீ, நீ செஞ்ச தப்புக்கு ஃபைன்!" அவருக்கு டிக்‌ஷனரி என்றே பெயர்.

அவருடைய புதன்கிழமைப் படிவத்தில் அம்மாளின் விரல் நின்றது. பஸ்ஸில் பக்கத்து ஊர், புறப்பாடு 9.40. ஃபேர் தொண்ணூறு. டோல் நாற்பது.

"இவருமா கட்டம் மாத்தி எழுதிட்டாரு? விடுங்க" என்று சிரித்தார் மேனேஜர்.

"அவரைக் கூப்பிடுங்க சார்."

4.40.

"புதன்கிழமை எதுல போனீங்க தம்பி?"

"பஸ்லக்கா."

"கையில என்ன இருந்துச்சு?"

"தோள்பை மட்டும்."

"பஸ்ல போறவங்க டோல் கட்டுவாங்களா?"

"அது... கை தவறிடுச்சு."

"வேற யாராவது எழுதியிருந்தா நானும் அப்படித்தான் நினைச்சிருப்பேன். ஏழு வருஷத்துல உங்க ஃபாரத்துல நான் ஒரு கட்டம் திருத்தினதில்ல. நீங்க டோல்னு எழுதினா அது டோல்தான். கார்ல போயிருக்கீங்க. அவ்வளவு பெரிய பெட்டியை பஸ்ல தூக்கிட்டுப் போக முடியாதுன்னுதான் யாரும் உங்களைச் சந்தேகப்படல. இந்த வாட்ச்மேன் டீ வாங்கப் போன பத்தாவது நிமிஷம் நீங்க கிளம்பியிருக்கீங்க."

டிக்‌ஷனரி பொத்தென்று உட்கார்ந்தார்.

"நண்பனோட கார்ல போனேன்க்கா. பஸ்னு பொய் எழுதிட்டேன். டோல்கேட் சீட்டு பையில இருந்தது. சீட்டைப் பார்த்தா கை தானா எழுதிடுது. மருந்து எங்க அக்காவுக்குத்தான். ஆறு ஊசி போட்டா பிழைச்சுக்குவாங்கன்னு சொன்னாங்க. வீட்டை வித்தும் பத்தல."

அம்மாளின் கண் கலங்கியது.

"மருந்தை எடுத்ததுக்குக்கூட என் மனசு இளகுது தம்பி. ரெண்டு நாளா இந்த மனுஷன் திட்டு வாங்கினதை எப்படிப் பார்த்துக்கிட்டு இருந்தீங்க?"

போலீசைக் கூப்பிட மேனேஜர் போனை எடுத்தார். வாட்ச்மேன் எழுந்து டிக்‌ஷனரியின் அருகே போனார். அடித்துவிடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

"எத்தனை ஊசி போட்டாச்சு?"

"ரெண்டு."

வாட்ச்மேன் மேனேஜரிடம் திரும்பினார்.

"மிச்ச நாலையும் போட்டு முடிக்கட்டும் சார். அப்புறம் போலீசைக் கூப்பிடுங்க. ஒண்ணும் செய்யாத என்னையே ரெண்டு நாள் திருடனா நிறுத்தி வெச்சிருந்தீங்க, இவரோட அக்காவுக்கு நாலு ஊசி வரைக்கும் பொறுக்க மாட்டீங்களா?"

மேனேஜர் போனைக் கீழே வைத்தார்.