பஞ்சநதம் தூங்கக் கூடாது

சனிக்கிழமை, பிற்பகல் இரண்டரை மணி. தஞ்சாவூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் இரண்டாவது மாடி.

ஆறாம் அறைக் கதவைத் திறந்த நர்ஸ் ஹமீதா பானுவின் காதில் முதலில் விழுந்தது குறட்டை. அது பாதியில் நின்றது. நின்றது மறுபடி தொடங்கவில்லை. கட்டிலில் பஞ்சநதம் மல்லாந்து கிடந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. மூக்கில் இருக்க வேண்டிய மாஸ்க்கைக் காணோம். மேஜை மேல் இருக்க வேண்டிய மெஷினையும் காணோம்.

"ஐயா! எழுந்திரிங்க! கண்ணைத் திறங்க!"

கன்னத்தைத் தட்டினாள். தோளை உலுக்கினாள். பெரிய மூச்சு ஒன்றை இழுத்துக்கொண்டு அவர் விழித்தார். விரலில் மாட்டிய கருவி, ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு எழுபத்திரண்டு என்றது. தொண்ணூறுக்குக் கீழே போனாலே நர்ஸுகள் ஓட வேண்டும். கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தினாள், ஆக்சிஜன் வைத்தாள், பெல்லை அடித்தாள். அவள் விரல்களில் வெள்ளையாக முகப் பவுடர் ஒட்டியிருந்தது. அதைப் பற்றி யோசிக்க அவளுக்கு அப்போது நேரமில்லை.

பஞ்சநதம் குத்தாலத்துப் பக்கம் நெல் விவசாயி. வரப்பில் வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்து, முந்தின நாள்தான் ஆபரேஷன். தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நின்றுபோகும் வியாதி அவருக்கு நெடுநாளாக உண்டு. சிங்கப்பூரிலிருந்து மகன் வாங்கி அனுப்பிய மெஷின்தான் காற்றை அழுத்தித் தள்ளி அந்த அடைப்பைத் திறந்து வைத்திருக்கும். அது இல்லாமல் தூங்கினால் ஆபத்து. அது இல்லாமல், மூச்சை மந்தமாக்கும் வலி ஊசியும் போட்டுக்கொண்டு தூங்கினால், எழுப்ப ஆள் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடலாம்.

வலியோ அவரைப் பிழிந்து எடுத்தது.

"ஊசியைப் போடும்மா. தாங்கலை."

"மெஷின் வராம அந்த ஊசி கிடையாதுங்க ஐயா."

ஆபரேஷன் தியேட்டரில் இருந்த டாக்டர் செந்தில்குமாருக்குப் போன் போட்டாள். அவரும் அதையே சொன்னார். பாராசிட்டமால் டிரிப் மட்டும் ஏற்றச் சொன்னார், ஆளை விட்டு நகரக் கூடாது என்றார். ஆஸ்பத்திரியின் சொந்த மெஷின்கள் இரண்டும் ஐசியூ நோயாளிகளிடம் இருந்தன. ஐசியூவில் படுக்கையும் காலியில்லை.

இதற்குள் மேனேஜர் சதீஷ் வந்து சேர்ந்தார். முடிவு ஒன்று கைக்குக் கிடைத்துவிட்டால் காரணம் தேடும் சிரமத்தை வைத்துக்கொள்ளாதவர் அவர்.

"கேமராவுல பார்த்துட்டேன். இந்த ரூமுக்குள்ள வந்தது குடும்பத்து ஆளுங்க, பார்க்க வந்த சம்பந்தி வீட்டுக்காரங்க, அப்புறம் நீ. சொந்தக்காரங்களா திருடுவாங்க? போனைக் குடு. போலீஸ் வர்ற வரைக்கும் இந்த ரூமை விட்டு வெளியே போகக் கூடாது."

சம்பந்தி வீட்டாரை வழியனுப்பிவிட்டுத் திரும்பியிருந்த பஞ்சநதத்தின் மனைவி விஜயலட்சுமியைப் பார்த்து, "திருட்டுதானேம்மா?" என்றார். அவள் தரையைப் பார்த்தபடி தலையாட்டினாள்.

திருட்டுப் பட்டம் கட்டிவிட்டால் இந்த ஊரில் எந்த ஆஸ்பத்திரியும் ஹமீதாவைச் சேர்க்காது. எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. ஆனால் அவள் நகர்ந்தால் கட்டிலில் இருப்பவர் தூங்கிவிடுவார். இப்போதே அவருக்கு இமை இறங்கிக்கொண்டிருந்தது.

"ஐயா, தூங்காதீங்க!"

நான்கு மணிக்குச் சப்-இன்ஸ்பெக்டர் குந்தவை வந்தார். நாற்பது வயது, கறுப்புக் கைக்கடிகாரம். வந்தவர் யாரையும் எதுவும் கேட்காமல் அறையை ஒரு சுற்று பார்த்தார். மேஜையில் ஹார்லிக்ஸ் பாட்டில், ஒரு சீப்பு ரஸ்தாளி, சாத்துக்குடி. தரையில் எறும்புச் சாரை ஒன்று சுவரோரமாக வந்து கட்டிலுக்கு அடியில் புகுந்தது. பட்டுச்சேலையில் விஜயலட்சுமி. அவளுக்குப் பக்கத்தில் பஞ்சநதத்தின் அக்கா அகிலாண்டம். கட்டிலில் புதிதாக முகம் மழித்து, தலை வாரி, நெற்றி நிறைய விபூதி பூசிய நோயாளி.

"யாரு ஷேவ் பண்ணி விட்டது?"

"நான்தான்," என்றாள் விஜயலட்சுமி.

"ஆபரேஷன் ஆன மறுநாளே?"

"சம்பந்தி வீட்டுல பார்க்க வராங்கன்னு... பொண்ணு தமிழ்நிலாவுக்குத் தை மாசம் கல்யாணம்."

"மெஷினைக் கடைசியா எப்பப் பார்த்தீங்க?"

"காலையில."

"அப்புறம்?"

"கவனிக்கலை."

குந்தவை ஹமீதா பக்கம் திரும்பினார். "நீங்க?"

"பதினோரு மணிக்கு மாஸ்க்கோட தூங்கிக்கிட்டு இருந்தாரு மேடம். ரெண்டரைக்குத் திரும்பி வந்தப்ப மூச்சு நின்னிருந்துச்சு. மெஷின் இல்லை. முகத்துல பவுடர் இருந்துச்சு." கொஞ்சம் தயங்கி, "நான் எடுக்கலை," என்றாள்.

"எங்க பவுடர்?"

"கன்னத்துல. மாஸ்க்கோட பட்டை அழுத்துற இடத்துல."

குந்தவை பஞ்சநதத்தின் அருகே குனிந்தார். பவுடர் கலைந்த இடத்தில் பட்டையின் சிவந்த தடம் தெரிந்தது. பஞ்சநதம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ஐயா, மெஷினை யாரு எடுத்தா?"

"தூங்கிட்டேன். தெரியாது."

குந்தவை நிமிர்ந்தார். "சதீஷ் சார், கேமராவுல சம்பந்தி வீட்டுக்காரங்க எப்படி வந்தாங்க, எப்படிப் போனாங்க?"

"ஒரு துணிக்கடைப் பையோட வந்தாங்க. பையோட போனாங்க. இதுல என்ன மேடம்?"

"கொண்டுவந்த பழம் இங்க மேஜையில இருக்கு. அப்போ போற பையில என்ன இருந்துச்சு?"

அகிலாண்டம் குறுக்கிட்டாள். "வெறும் பையோடயா சம்பந்தியை அனுப்புவாங்க? திருவையாத்துலேர்ந்து வர்றப்பவே அசோகா அல்வா வாங்கி, வெத்தலை பாக்கு, பூவன்பழத்தோட பையில வச்சிருந்தேன். கிளம்புற அவசரத்துல கட்டிலுக்கு அடியிலேர்ந்து எடுத்து அந்தம்மா கையில குடுத்தேன்."

"பிரிச்சுப் பார்த்தீங்களா?"

"மேல துண்டு மூடியிருந்துச்சு. என் பைதானே, எதுக்குப் பிரிக்கணும்?"

குந்தவை முழங்காலிட்டுக் கட்டிலுக்கு அடியில் கைவிட்டார். கல்யாண ஜவுளி எடுத்த கடையின் சிவப்புப் பை ஒன்று வந்தது, எறும்புகளோடு. உள்ளே நெய் கசிந்த அசோகா டப்பா, வெற்றிலை, பூவன்பழம்.

அகிலாண்டம் வாயில் கைவைத்தாள். "அப்போ நான் குடுத்தது?"

"ஜவுளி எடுத்த கடையில எத்தனை பை குடுத்தாங்களோ, எல்லாம் ஒரே மாதிரி. அதுல இன்னொண்ணுலதான் மெஷின் இருந்துச்சு. திருட்டே நடக்கலை. சார் கேமராவுல ஆளுங்களை எண்ணினாரு, பையைப் பார்க்கலை. சொந்தக்காரங்க பையோட போறது நம்ம கண்ணுக்குத் தப்பாத் தெரியாது." குந்தவை விஜயலட்சுமியைப் பார்த்தார். "மெஷினைக் கழட்டிப் பையில ஒளிச்சது நீங்க. தடம் தெரியாம பவுடர் போட்டதும் நீங்கதான். ஐயா அதுக்கு முகத்தைக் காட்டிக்கிட்டு இருந்திருக்காரு. அதனால அவருக்கும் தெரியும்."

விஜயலட்சுமி சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

"மூக்குல குழாயோட பார்த்தா, ஆளு தை மாசம் வரைக்கும் தாங்கமாட்டாருன்னு நினைப்பாங்கம்மா. அரை மணி நேரம் மறைச்சு வைக்கலாம்னுதான் எடுத்தேன். வழியனுப்பிட்டு வந்து பார்க்கிறேன், பையில அல்வா இருக்கு. அவங்களுக்குப் போன் போட்டா எல்லாம் தெரிஞ்சிடும். என்ன செய்வேன்?"

"ஒரு பொண்ணைத் திருடியாக்கலாம்னு தோணுச்சு," என்றார் குந்தவை. "இவங்க கொஞ்சம் தாமதிச்சிருந்தா நீங்க இப்போ தாலியை இழந்து நிப்பீங்க."

சதீஷ் சத்தமில்லாமல் ஹமீதாவின் போனை மேஜையில் வைத்தார்.

விஜயலட்சுமி தன் போனை எடுத்தாள். எண்ணை அழுத்த முடியவில்லை. பஞ்சநதம் கை நீட்டிப் போனை வாங்கி அவரே அழைத்தார். சம்பந்தியம்மா நீலாயதாட்சியின் குரல் எல்லோருக்கும் கேட்டது.

"அண்ணே, பையில என்னமோ மெஷின் இருக்குதே? பட்டுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுல உட்கார்ந்து முழிச்சுக்கிட்டு இருக்கோம்."

"அது என்னுதும்மா." ஒவ்வொரு சொல்லுக்கும் அவர் மூச்சு வாங்கினார். "அது இல்லாம தூங்கினா எனக்கு மூச்சு நின்னுடும். உங்ககிட்ட மறைச்சோம். தப்பு."

மறுமுனையில் பஸ்களின் ஹாரன் மட்டும் கேட்டது. விஜயலட்சுமி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

"ஊருக்குப் போற பேராவூரணி பஸ்ஸை விட்டுட்டோம்," என்றாள் நீலாயதாட்சி கடைசியில். "கார் பிடிச்சு எடுத்துட்டு வரோம். கல்யாணப் பேச்சை அங்க வந்து பேசிக்கலாம். அதுவரைக்கும் தூங்காதீங்க."

அது நல்ல வார்த்தையா, முறிக்கிற வார்த்தையா என்று அறையில் ஒருவருக்கும் விளங்கவில்லை. போன் பஞ்சநதத்தின் மார்பில் சரிந்தது. வலியும் அயர்ச்சியும் சேர்ந்து அவர் இமைகளைக் கீழே இழுத்தன.

"உன்னைத் திருடின்னு சொல்லும்போது வாயை மூடிக்கிட்டுக் கிடந்தேனேம்மா," என்று முனகினார்.

ஹமீதா நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்தாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது, துடைத்துக்கொண்டாள்.

"கார் வர்றதுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும் ஐயா. எனக்கு உங்க மேல நிறைய கோபம் இருக்கு. ஒவ்வொண்ணா சொல்றேன். கண்ணை மூடாம கேளுங்க."