இரட்டைக் கோடுகளின் வழக்கு

"நாலு மணிக்குள்ள நீங்க ஏதாவது கண்டுபிடிக்கணும் சார். நாலு மணிக்கு என் கையில வேலைய விட்டுப் போங்கன்னு லெட்டர் குடுத்துடுவாங்க."

வந்த பெண் மலைமேல் இருக்கும் தொலைநோக்கி நிலையத்தில் கருவிப் பராமரிப்பாளர். எட்டு வருட வேலை. பதிவு நடக்கும்போது கருவியை இடித்துவிட்டு, இடிக்கவே இல்லை என்று சாதிக்கிறார் என்பது குற்றச்சாட்டு. வேலை போவதைவிடப் பொய்க்காரி என்று சொன்னதுதான் அவருக்கு அதிகம் வலித்தது.

துப்பறிவாளர் மெதுவாகச் செருப்பை மாட்டினார். அவசரம் என்றால் என்னவென்று தெரியாத மனிதர் என்பதால் தெருவே அவரை 'நிதானம்' என்றுதான் கூப்பிடும். அதற்குள் அவருடைய மனைவியின் தம்பி காரைக் கிளப்பிவிட்டார். மலை ஏறுவதற்குள் இரண்டு பேரைக் குற்றவாளிகள் என்று முடிவும் கட்டிவிட்டார்.

குவிமாடத்துக்குள் நுழைந்ததும் அந்த வாய் தானாக மூடிக்கொண்டது. தலைக்கு மேல் வீடு உயரத்துக்குத் தொலைநோக்கியின் இரும்புச் சட்டம். அதைப் பராமரிப்பாளர் ஒற்றைக் கையால் தள்ள, சத்தமே இல்லாமல் திரும்பியது.

"எனக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு நெனச்சுச் சொல்லும்மா," என்றார் நிதானம்.

"பெரிய கண்ணாடி வெளிச்சத்த சேர்த்து இங்க அனுப்பும் சார். இந்தச் சின்னக் கண்ணாடிய இப்படித் திருப்பினா கேமராவுக்குப் போகும், படம் கிடைக்கும். அப்படித் திருப்பினா, முடி அகலத்துக்கு ஒரு இடுக்கு, அது வழியா நிறமாலைக் கருவிக்குள்ள போகும். உள்ள ஒரு தகடு, ஒரு மில்லிமீட்டருக்குள்ள அறுநூறு கோடு கிழிச்சது. அதுல பட்டா வெளிச்சம் நிறம் நிறமா பிரிஞ்சு பட்டையா விரியும்."

முன்பு பதிவான பட்டை ஒன்று திரையில் தெரிந்தது. குறுக்கே கறுப்புக் கோடுகள்.

"இதெல்லாம் என்ன?"

"நட்சத்திரத்துல இருக்கற ஒவ்வொரு பொருளும் தனக்குன்னு சில நிறத்த விழுங்கிடும். இது இரும்பு, இது கால்சியம். சிவப்புப் பக்கம் இருக்கற இந்தக் கொத்து மட்டும் நட்சத்திரத்தோடது இல்ல. நம்ம காத்துல இருக்கற ஆக்ஸிஜன் விழுங்கினது."

நிதானம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அங்கே எரியும் இரும்பும் இங்கே நாம் மூச்சு விடும் காற்றும் ஒரே பட்டையில் பக்கத்துப் பக்கத்தில் பதிவாகியிருக்கின்றன. அவருக்கு மெய்சிலிர்த்தது. எழுதும்போது எனக்கும்தான்.

அப்போது இயக்குநர் வந்தார். கையில் உறை. வழக்குக்குக் காரணமான பதிவை அவரே திறந்து காட்டினார்.

"பாருங்க. ஒவ்வொரு கோடும் ரெண்டு ரெண்டா விழுந்திருக்கு. போன வாரம் எல்லாம் ஒத்தை. நடுவுல கருவி நகர்ந்தாத்தான் இப்படி ஆகும். நட்சத்திரமே ரெண்டு இருக்கோன்னு கேக்காதீங்க, கேமரா படத்துல ஒரே புள்ளிதான்."

"அத்தான், இந்தம்மா வசமா மாட்டிக்கிட்டாங்க," என்று காதைக் கடித்தார் மச்சினன்.

நிதானம் பத்து நிமிடம் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பிறகு கேட்டார்: "ஒவ்வொரு கோடும்னு சொன்னீங்களே ஐயா. ஆக்ஸிஜன் கொத்துல ஒவ்வொண்ணும் ஒத்தையாத்தானே நிக்குது?"

நிதானம் திரையில் அந்தக் கொத்தைத் தொட்டுக் காட்டினார்.

"ரெண்டும் ஒரே இடுக்கு வழியா, ஒரே நேரத்துல வந்த வெளிச்சம். கருவி ஆடியிருந்தா அதுவும் ரெண்டாயிருக்கணும். இங்க எதுவும் ஆடல ஐயா. ஆடினது அங்க," என்று மேலே கை காட்டினார்.

இயக்குநர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது குரல் இறங்கியிருந்தது.

"ரெண்டு நட்சத்திரம்தான். ஒண்ணையொண்ணு சுத்துது. நம்ம பக்கம் வர்றதோட கோடு நீலத்துப் பக்கம் நகரும், விலகிப் போறதோடது சிவப்புப் பக்கம். ரெண்டும் நமக்குக் குறுக்கா போறப்ப கோடு ஒண்ணாயிடும்."

"அப்ப கேமராவுல ஏன் ஒண்ணு?" என்றார் மச்சினன்.

"தூரத்துல வர்ற லாரிக்கு ஒரு விளக்குதானே தெரியும். இது அதவிட எத்தனையோ கோடி மடங்கு தூரம்."

பராமரிப்பாளர் சுவரில் சாய்ந்து முகத்தை மூடிக்கொண்டார். இயக்குநர் உறையை நாலாகக் கிழித்தார்.

நிதானம் எழவில்லை. "இதே நட்சத்திரத்துக்குக் கெட்டுப்போச்சுன்னு ஒதுக்கின பழைய பதிவு ஏதாவது இருக்கா?"

இருந்தது. ஒன்பது வருடத்துக்கு முந்தைய பதிவுகள் மூன்று. மூன்றிலும் இரும்புக் கோடுகள் இரட்டை, ஆக்ஸிஜன் கோடுகள் ஒற்றை.

"அப்ப இங்க வேலையில இருந்தது யாரு?"

"எனக்கு முன்னாடி இருந்தவர் சார். கருவிய ஆட்டிட்டார்னு அனுப்பிட்டாங்களாம்," என்றார் பராமரிப்பாளர்.

"யாரு அனுப்பினது?" மச்சினன் கேட்டுவிட்டார். நிதானம் அவர் காலை மிதித்தார்.

"நான்தான்," என்றார் இயக்குநர்.

பழைய கோப்பில் எண் கிடைத்தது. இயக்குநர் எல்லோர் முன்னிலையிலும் ஸ்பீக்கரைப் போட்டு அழைத்தார். மணி வெகுநேரம் அடித்தது.

"நிலையத்துலேருந்து பேசறேன். நீங்க அன்னைக்குச் சொன்னது உண்மை. நீங்க கருவியத் தொடவே இல்ல. தப்பு என்னோடது. என்னை மன்னிக்கணும்."

திட்டுவார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள்.

"அது கிடக்கட்டும் சார்," என்றது வயதான குரல். "அந்தக் கோடு ஏன் ரெண்டாச்சு? ஒன்பது வருஷமா யோசிச்சுக்கிட்டே இருக்கேன்."