இரு கண்ணுக்கும் ஒருத்தி

நேற்று நாற்காலிக்குப் பின்னால் நின்ற மனைவி இன்று நாற்காலிக்கு முன்னால் நின்றாள்.

மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் தேய்ப்பவர் அவர். முதலில் தன் கண்ணைத்தான் சந்தேகப்பட்டார். மனைவி இறந்து நான்கு மாதம். என்றோ இரட்டை லென்ஸ் கேமராவில் ஒரே நொடியில் இரண்டு படமாக அவளை எடுத்த பெரிய பிலிம் ஸ்லைடு ஜோடி அலமாரியில் அகப்பட்டதும், பிளைவுட்டை அறுத்து ஒரு பெட்டி செய்திருந்தார். முன்னால் தாமே தேய்த்த இரண்டு லென்ஸ், பின்னால் அந்த ஸ்லைடுகளும் வெளிச்சம் ஊடுருவும் பால்வெள்ளைப் பிளாஸ்டிக் தகடும். ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராக வைத்துக் கண்களைப் பொருத்தினால், பசையும் மரத்தூளும் மணக்கும் அந்த இருட்டுக்குள் இரண்டு படமும் மெல்ல ஒன்றாகி, வீட்டு நடைவழியில் ஒரு நாற்காலிக்குப் பின்னால் அவள் முழு உடம்போடு நிற்பாள். காதோர முடியை ஒதுக்கிவிடலாம் போலிருக்கும்.

ஸ்லைடுகளைக் கழற்றி, இரண்டிலும் அவள் நிற்கும் இடத்தை ஸ்கேலால் அளந்தார். கிட்டத்தில் இருப்பது இரண்டு படத்திலும் அதிகம் விலகி விழும். பெட்டி செய்தபோது அளந்ததைவிட அரை மில்லிமீட்டர் கூடுதல். அவள் கிட்டே வந்திருந்தாள்.

அவருக்குப் பயம் வரவில்லை. அழுகைதான் வந்தது. ஆஸ்பத்திரியில் அவள் மூச்சு நின்றபோது அவர் மருந்து வாங்கக் கீழே போயிருந்தார். "இதோ வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனது நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டே இருந்தது. இப்போது அவளே வருகிறாள். தினமும் ஓர் அடி.

ஐந்தாம் நாள் சாயங்காலம் தங்கை வந்தாள்.

"என்னண்ணா, சோறு தண்ணி இல்லாம இந்தப் பொட்டியே கதியா?"

"நீயே பாரு."

பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். நிமிர்ந்தபோது உதடு வெளுத்திருந்தது.

"அண்ணி சிரிக்கிற படம்னுதானே சொன்னே?"

"ஆமா. எங்கிட்ட வர்றா, பாத்தியா?"

"உங்கிட்ட வரலைண்ணா." அவள் குரல் உடைந்தது. "எதுக்கோ பயந்து ஓடி வர்றாங்க."

அவர் குனிந்தார். இத்தனை நாள் சிரிப்பென்று அவர் ஆசையாகப் பார்த்தது சிரிப்பில்லை, பற்களைக் கடித்திருந்தாள். முடி பின்னால் பறந்தது. ஒரு கை அவரை நோக்கி நீண்டிருந்தது. வெளியே வெயில் இறங்க இறங்க, பெட்டிக்குள் நடைவழியும் கோடியிலிருந்து கறுத்துக்கொண்டு வந்தது.

"மூடி வச்சிடுண்ணா. வேணாம்."

"மூடினா அவளுக்கு இருட்டிடும்மா. டார்ச்சை எடு. பின்னாடி அடி. சீக்கிரம்!"

தகடு பளீரென்றது. ஜன்னல் வெளிச்சம் ஒருநாளும் காட்டாததை அது காட்டியது. அவளுக்குப் பின்னால் நடைவழி இல்லை. கதவு இல்லை. அவள் தோளுக்கு மேல் வேறொரு கை. விரல்கள் மிக நீளம்.

அவர் இமைத்தார்.

விரல்கள் அவள் கழுத்தில் இருந்தன.

"அண்ணா, என்ன தெரியுது?"

அவர் கண்களை லென்ஸோடு இன்னும் அழுத்தினார். இமைக்கக்கூடாது. அவ்வளவுதான். இமைக்காமல் இருந்தால் போதும். கண் எரிந்தது. அவள் முகம், கைக்கெட்டும் தூரத்தில். அவருடைய அவள். "இதோ," என்றார். "இதோ, நான் இங்கதான் இருக்கேன். எங்கயும் போகல."

கண்ணீர் திரண்டது. அவள் முகம் கலங்கியது. அடக்கிப் பார்த்தார். இமை தானாக மூடித் திறந்தது.

அந்தக் கை அவள் வாயைப் பொத்தியிருந்தது. அதற்கு மேலே அவள் கண்கள், அகல விரிந்து, அவரையே பார்த்தபடி.