நீராவியூர் மேயர்

செவ்வாய்க் கோளின் ஏழாம் கூண்டில் மாலைக் காற்று திறந்துவிடப்பட்டதும் ஆட்கள் தலைக்கவசத்தைக் கழற்றி வாசலில் மாட்டிவிட்டு, முகம் கழுவி, கதை கேட்கக் கிளம்புவார்கள். பகலெல்லாம் அவரவர் கவசத்துக்குள் அவரவர் காற்று. மாலையில் மட்டும் கூண்டு முழுவதற்கும், குழாய் வழியாக வீடுகளுக்கும், ஒரே காற்று. அதைச் சேர்ந்து சுவாசிப்பவர்களுக்குள் பகை வரக்கூடாது என்று அவதூறைப் பெரிய குற்றமாக்கி வைத்திருந்தார்கள். நிரூபணமானால் சுரங்கக் கூண்டுக்கு மாற்றம். அங்கே கவசத்தைக் கழற்றவே முடியாது.

கதை சொல்பவள் தமயந்தி. பகலில் காற்று வடிகட்டிகளைச் சுத்தம் செய்பவள். பொதுக்கூடத்து மேசைமேல் பொம்மைக் கட்டைகளால் ஓர் ஊர் கட்டிக்கொண்டிருந்தாள். விக்டோரியா மகாராணி காலத்து லண்டன் போன்ற ஊர். ஆனால் அந்தக் காலத்தில் இல்லாததெல்லாம் அதில் இருந்தது. பல்சக்கரத்தில் நடக்கும் பித்தளைக் குதிரைகள், நீராவியில் வானத்தில் மிதக்கும் கப்பல்கள். தினம் ஒரு தெருவைக் கட்டி அந்தத் தெருவின் கதையைச் சொல்வாள்.

அன்று மேயர் மாளிகையைக் கட்டினாள். ஊருக்கு நீராவி போகும் குழாயின் திருகை மேயர் தன் படுக்கையறையில் வைத்திருந்தார். வேண்டியவர் வீட்டுக்கு நிறையத் திறப்பார். வேண்டாதவர் வீட்டு அடுப்பு அணைந்துபோகும். எல்லோரும் சிரித்தார்கள். சவரிமுத்து மட்டும் சிரிக்கவில்லை. கூண்டின் காற்றுத் திருகு அவர் பொறுப்பில் இருந்தது.

“அவ யாரச் சொல்றா?” என்று வீட்டுக்கு வந்ததும் மனைவி பிலோமினாவிடம் கேட்டார்.

“பொம்மையச் சொல்றா.”

“பொம்மைக்கு எதுக்கு என்னை மாதிரி தொப்பை?”

“கட்டைங்க அது. சதுரமாத்தான் இருக்கும்.”

அவருக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் நடைவழியில் தமயந்தி, “கதை எப்படி இருந்துச்சு அண்ணாச்சி?” என்று கேட்டபோது அந்தச் சிரிப்பிலும் ஏதோ இருப்பதாகப் பட்டது. அன்றே புகார் கொடுத்தார்.

விசாரணைக்கு ஆய்வன் என்ற எந்திரன் வந்தது. பொம்மையையும் சவரிமுத்துவையும் அளந்தது. தமயந்தியின் காதுக்குப் பின்னால் இருந்த நினைவுச்சில்லைப் படித்தது. கூடம் நிறைந்திருக்க, தீர்ப்பைச் சொன்னது.

“உருவ ஒற்றுமை இல்லை. ஊரைக் கட்டிய நாட்களில் புகார்தாரர் இவர் நினைவில் வரவில்லை. இக்கூண்டின் வேறு எவரும் வரவில்லை.”

தமயந்தி மூச்சு விட்டாள். கூடத்தில் வேறு யாருக்கும் நிம்மதி வந்ததாகத் தெரியவில்லை.

“ஒரு தடவைகூடவா?” என்றார் சவரிமுத்து.

“இல்லை.”

“தெனமும் உனக்குக் காத்து தெறந்துவிடறவன் நான், தமயந்தி.”

“தெரியும் அண்ணாச்சி. சத்தியமா கதையில நீங்க இல்ல.” ஆறுதல் சொல்வதாகத்தான் அவள் நினைத்தாள்.

அடுத்த மாலை கதை கேட்க யாரும் வரவில்லை. “அவ ஊர்ல நாமெல்லாம் ஆளே கிடையாதாம்” என்று நடைவழியில் யாரோ சொன்னது அவள் காதில் விழுந்தது. சில நாட்களில் அவள் வீட்டுக் குழாயில் காற்று மெலிந்தது. வடிகட்டியைக் கழற்றிப் பார்த்தாள். அடைப்பு இல்லை. கவசத்தை மாட்டிக்கொண்டு சாப்பாட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தபோதுதான் முதன்முறையாகச் சவரிமுத்துவைப் பற்றி யோசித்தாள்.

எழுந்து பொதுக்கூடத்துக்குப் போய், மேயர் பொம்மைக்குச் சவரிமுத்துவின் முறுக்கு மீசையை வரைந்தாள். கன்னத்தில் அவருடைய மருவையும் வைத்தாள். பக்கத்து வீட்டுக்காரியின் கோணல் கொண்டையைக் குதிரைக்காரி பொம்மைக்குச் சூட்டினாள். சுரங்கக் கூண்டு நினைவுக்கு வந்தது, ஆனாலும் நிறுத்தவில்லை.

செய்தி பரவி மறுமாலை கூடம் நிறைந்தது. சவரிமுத்து முன்வரிசையில் உட்கார்ந்தார். மேயர் எதிரியின் வீட்டு நீராவியை நிறுத்திய இடத்தில் பக்கத்தில் இருந்தவரை முழங்கையால் இடித்து, “நான்தான் அது” என்றார்.

அன்றைக்கே தமயந்தியின் வீட்டில் காற்று நிறைந்தது. தள்ளுபடியான வழக்கின் கோப்பை மூடுவதற்காக மறுபடி வந்திருந்த ஆய்வன், உருவ ஒற்றுமை முழுமை என்றும், நினைவில் நோக்கம் தெளிவு என்றும், அவதூறு ஐயமின்றி நிரூபணம் என்றும் பதிந்துகொண்டது. புகார் கொடுக்கத்தான் ஆள் இல்லை.