தெற்கே தெரிந்த பள்ளம்

"உங்க அண்ணன் மேல உள்ள பாசத்துல ஒண்ணும் வரலட்டி. கேசு முடியிறதுக்குள்ள அவன் செத்துட்டா நான் யாரை ஜெயிக்க?" என்று சொல்லிக்கொண்டே கயிற்றுச் சுருளைத் தோளில் மாட்டினார் சுயம்பு.

ஜெபக்கனிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பனந்தோப்பு எல்லைத் தகராறில் ஆறு வருடமாக அவள் அண்ணன் தங்கதுரையைக் கோர்ட்டுக்கு இழுத்தடிக்கிற மனுஷன்! ஆனால் மேடும் பள்ளமுமாய்க் கிடந்த அந்தச் செம்மணல் தேரிக்காட்டின் உள்பக்கம் தெரிந்தவர் ஊரில் அவர் ஒருவர்தான். பல்லைக் கடித்துக்கொண்டு பின்னால் நடந்தாள்.

மணலுக்குள் புதைந்த பழைய ஊரில் பொற்காசுப் பானை கிடக்கிறது என்று எவனோ அளந்ததை நம்பி, நேற்று தனியாகக் கிளம்பிப் போயிருந்தான் தங்கதுரை. இன்று விடிந்ததும் ஒரே ஒரு போன். "கனி, பாழுங்கிணத்துல விழுந்துட்டேன். கால் ஒடிஞ்சிட்டு. பெரிய பள்ளம், பக்கத்துல ஒத்தப் பனை. காத்துல மணல் உள்ள சரியுது. முட்டு வரைக்கும் வந்துட்டு..." அதோடு சார்ஜ் போய்விட்டது.

கல்யாண வீடுகளில் படம் எடுக்கும் சித்தி மகன் ரூபன், தேரியின் கிழக்கு விளிம்பிலிருந்து ட்ரோனை ஏற்றினான். ஒரு படம் எடுப்பதற்குள் ஆடிக் காற்று அதை அள்ளி எங்கோ வீசிவிட்டது. அந்தப் படம்தான் இப்போது ஜெபக்கனியின் போனில் இருந்தது. அதில் இரண்டு பெரிய வட்டங்கள், இரண்டிலும் ஒவ்வொரு பனை. தெற்கு வட்டம் நன்றாகக் குழிந்திருந்தது. வடக்கு வட்டம் குன்றாகப் புடைத்திருந்தது.

சுயம்பு வடக்கே திரும்பினார்.

"ஓய், நில்லும்! பள்ளம் தெற்க இருக்கு!"

"அது மேடுட்டி. நான் ஆடு மேய்ச்ச இடம், எனக்குத் தெரியாதா?"

"படத்துல பளிச்சுனு தெரியுது! எங்க அண்ணன் மண்ணுக்குள்ள போயிட்டா தோப்பு உமக்குன்னு கணக்குப் போடுதீரோ?"

சுயம்புவின் முகம் கறுத்தது. அவர் வாயைத் திறப்பதற்குள் கயிற்றை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு தெற்கே ஓடினாள். கயிறில்லாமல் எங்கே போவது? அவரும் திட்டிக்கொண்டே பின்னால் வந்தார். ரூபனும் கூடவே ஓடி வந்தான்.

காற்று மணலை வாரி முகத்தில் அடித்தது. கண்ணைத் திறக்க முடியவில்லை. கால் புதையப் புதைய ஏறினாள்.

"பள்ளத்துக்குப் போறவ ஏன் இப்படி ஏறுத?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

"கரையைத் தாண்டினாத்தான பள்ளம் வரும்!" என்று கத்தினாள்.

உச்சிக்குப் போனாள். ஒத்தப் பனை நின்றது. அதற்கப்பால் நாலா பக்கமும் இறக்கம்! கிணறும் இல்லை, அண்ணனும் இல்லை. அரைமணி நேரம் மண்ணாகப் போயிருந்தது. போன் கை நழுவ, அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

போன் மணலில் மல்லாந்து, படம் தலைகீழாகத் தெரியக் கிடந்தது. ஜெபக்கனி அதையே வெறித்தாள். திடுக்கிட்டாள். தெற்கு வட்டம் இப்போது புடைத்திருந்தது! வடக்கு வட்டம் குழிந்திருந்தது!

"ரூபா! இதென்னடா?"

ரூபன் எட்டிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான். "மேற்கே பாத்து எடுத்தேன்க்கா. காலை வெயில் படத்தோட கீழ்ப்பக்கமிருந்து அடிக்குது. வெளிச்சம் மேலேர்ந்துதான் வரும்னு மனசு முடிவு பண்ணி வச்சிருக்கும். அந்தக் கணக்குல நிழலைப் பாத்து, மேட்டைப் பள்ளமாக் காட்டிட்டு! தலைகீழாப் பாத்தா வெளிச்சம் மேலேர்ந்து வருது, சரியாத் தெரியுது!"

"வியாக்கியானம் பொறவு! ஓடுல!" என்று உறுமினார் சுயம்பு.

வடக்குப் பள்ளத்தில், ஒத்தப் பனைக்குப் பக்கத்தில் கிணற்று வாய் தெரிந்தது. உள்ளே தங்கதுரை, நெஞ்சு வரைக்கும் மணல்! கயிற்றைப் போட்டு இழுத்தால் வருகிற நிலையில் அவன் இல்லை. யாராவது இறங்கித் தோண்ட வேண்டும்.

சுயம்பு கயிற்றைத் தன் இடுப்பில் கட்டி, மறுமுனையை ஜெபக்கனியிடம் நீட்டினார். "விட்டுராத. என் உசிரு அதுல இருக்கு."

உள்ளே மணல் சரிந்துகொண்டே இருந்தது. அவர் இரண்டு கையாலும் வாரி வாரி எறிந்தார். ஒருமுறை அவர் தலையே மறைந்தது. ஜெபக்கனி பனையில் காலை உதைத்துக்கொண்டு, உள்ளங்கை கிழியக் கயிற்றைப் பிடித்திருந்தாள். கடைசியில் சுயம்பு கயிற்றை அவிழ்த்துத் தங்கதுரையின் இடுப்பில் கட்டினார். ஜெபக்கனியும் ரூபனும் இழுக்க, அவன் அலறிக்கொண்டே மேலே வந்தான். கயிற்றைத் திரும்பப் போட்டதும், அதைப் பிடித்துப் பின்னாலேயே சுயம்பு ஏறினார்.

"பானை கிடைச்சுதால?" என்றார்.

தங்கதுரை தலையைத் தொங்கப் போட்டான்.

"பதினெட்டாம் தேதி வாய்தா. நொண்டிக்கிட்டாவது வந்து சேரு." பிறகு அவனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஊரைப் பார்த்து நடந்தார். சனமெல்லாம் தேரி விளிம்புக்கே ஓடி வந்து ஆரவாரம் செய்தது.

அதற்குப் பிறகும் ஜெபக்கனி அந்தப் படத்தை எடுத்துப் பார்ப்பாள். உண்மை இன்னதென்று தெரியும். இருந்தும் தெற்கு வட்டம் பள்ளமாகத்தான் தெரிந்தது. போனைத் தலைகீழாகத் திருப்பினால்தான் மேடாயிற்று.

பதினெட்டாம் தேதி கோர்ட்டு வாசலில் சுயம்புவைக் கண்டதும் பழைய ஆத்திரம் குப்பென்று ஏறியது. அண்ணனைக் காப்பாற்றியவர் என்று தெரிந்தும் ஏறியது. ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு பையிலிருந்த கயிற்றை எடுத்துக்கொண்டு அவரிடம் போனாள்.

"அண்ணாச்சி, உங்க கயிறு."

ஆறு வருடத்தில் அவள் அவரை அண்ணாச்சி என்றது அதுதான் முதல் தடவை. சுயம்பு அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"கேசை வாபஸ் வாங்க மாட்டேன், பாத்துக்க," என்றார்.

"வாங்காண்டாம். நாங்களும் விட மாட்டோம்," என்று சொல்லிவிட்டு, கோர்ட்டுக்குள் நுழைய அவருக்கு முதலில் வழிவிட்டாள்.