வல்லூறும் தகைவிலானும்

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஆழியாறு அணைக்கு எதிரே இருக்கும் தேநீர்க் கடைகளில் உட்கார இடம் கிடைக்காது. பெண் வீட்டாருக்கு ஒரு மேசை, மாப்பிள்ளை வீட்டாருக்கு ஒரு மேசை. நடுவில் பஜ்ஜி ஆறிக்கொண்டிருக்கும். பெரியவர்கள் மழையைப் பற்றியும் தேங்காய் விலையைப் பற்றியும் பேசுவார்கள். கண்கள் மட்டும் வெளியே நிற்கும் இரண்டு பைக்குகள் மேல் இருக்கும். சாவி மாறும் நேரம் வந்ததும் பேச்சு நின்றுவிடும். பெண்ணின் வண்டியில் ஆண் ஏற வேண்டும், ஆணின் வண்டியில் பெண். வால்பாறை மலைப்பாதையில் அட்டகட்டி வரை போய்த் திரும்ப வேண்டும். அதற்குப் பொருத்தச் சவாரி என்று பெயர்.

பூங்கோதைக்கு இது ஐந்தாவது சவாரி. முன்பு வந்த நான்கு பேரும் அவளுடைய தகைவிலான் பைக்கில் ஏறிவிட்டு, வேண்டாம் என்றவர்கள்தான். ஒருவர் பாதி வழியில் வண்டியை மரத்தடியில் நிறுத்திவிட்டுப் பேருந்தில் மலையிறங்கி வந்தார்.

“இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல, அம்மிணி” என்று அண்ணி வசந்தாமணி காதோடு சொன்னாள். “காந்திபுரத்துல ஒரு மணி நேரத்துல கழுவிக் குடுத்துடறாங்க. உன்ற அண்ணங்கிட்டச் சொல்லி இன்னொரு நாள் பாத்துக்கலாம்.”

“அதைக் கழுவினா மிச்சம் என்னங்க அண்ணி இருக்கும்? வெறும் இரும்பு.”

கழுவுவது என்றால் தண்ணீரால் அல்ல. அந்தக் காலத்து வண்டிகள் எல்லாமே பழகுவண்டிகள். ஓட்டுகிறவரின் கையை, அவசரத்தை, தயக்கத்தை, கோபத்தை ஒவ்வொரு நாளும் கற்றுக்கொண்டு பழக்கச் சில்லு என்ற சிப்பில் சேர்த்துவைக்கும். வேறொருவர் ஏறினாலும் சொந்தக்காரரின் கை கூடவே கலந்து ஓட்டும். பெண் பார்க்க வருகிறவர்களின் பேச்சை இயந்திரங்கள் எழுதிக் கொடுக்கத் தொடங்கிய பிறகு, குரலையும் முகத்தையும்கூட அவை மெருகேற்றித் தரத் தொடங்கிய பிறகு, மனிதர்கள் நம்புவதற்கு மிஞ்சியது வண்டி ஒன்றுதான். ஜாதகக் கட்டுகள் பரணுக்குப் போயின. பிறகு அந்த நம்பிக்கைக்கும் ஒரு கடை திறந்தார்கள். சில்லைத் துடைத்து, எவருக்கும் பிடிக்கும் ஒரு பொதுக்குணத்தை ஏற்றிக் கொடுக்கும் கடை. சட்டப்படி அது தப்பில்லை. ஆனால் வெளியே தெரிந்தால் தலைகுனிவு.

மாப்பிள்ளை திருமூர்த்தி உடுமலையில் பல் மருத்துவர். நாற்பதைத் தாண்டியவர், மெலிந்த விரல்கள், அதிகம் பேசாதவர். அவருடைய வல்லூறைப் பார்த்ததும் பூங்கோதைக்கு வியப்பாக இருந்தது. தாழ்ந்த கைப்பிடி, முன்னால் சாய்ந்து படுத்தபடி ஓட்டும் இருக்கை, வண்டியின் முன்பக்கம் முழுக்க மூடிய கவசம். பந்தயத் தடத்துக்கென்றே செய்த உடம்பு. அவளுடைய தகைவிலான் அப்படியில்லை. எலும்பெல்லாம் வெளியே தெரியும், குட்டையானது, நிமிர்ந்து உட்காரலாம். இரண்டுமே மின்வண்டிகள்தான். ஆனால் வல்லூறு தூரத்து வேகத்துக்குப் பிறந்தது, தகைவிலான் சட்டென்று திரும்புவதற்கு.

“பாத்துப் போங்க” என்று சாவியைக் கொடுத்தாள். “கொஞ்சம் முரடுங்க.”

“எதுங்க? வண்டியா?” என்றார் அவர். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

முதல் சில வளைவுகளில் வல்லூறு அவளை மயக்கியது. கோவையில் ஒரு டயர் கம்பெனியின் சோதனைத் தடத்தில் பத்து வருடங்களாக வண்டி ஓட்டிப் பார்ப்பதுதான் அவள் வேலை. நல்ல வண்டி எது என்று அவளுடைய இடுப்புக்கே தெரியும். தகைவிலான் வளைவுக்குள் தலையைக் கொடுத்துக் குதிக்கும், சாலையின் ஒவ்வொரு கல்லையும் உள்ளங்கையில் சொல்லும். இது அப்படிக் குதிக்கவில்லை. நீளமான மூச்சுபோல மெல்லச் சாய்ந்தது, சாய்ந்தபின் அசையவில்லை. குண்டும் குழியும் சஸ்பென்ஷனிலேயே கரைந்தன. நேர்ச்சாலை வந்ததும் மோட்டார் முனகி, உடம்பைப் பின்னால் தள்ளியது.

ஒரு வளைவில் எதிரே பேருந்து வந்தது. வல்லூறு சரியாக ஒதுங்கியது. மிகச் சரியாக. அவளுக்கு ஏதோ உறுத்தியது. அடுத்த வளைவில் வேண்டுமென்றே கடைசி நொடியில் பிரேக் பிடித்தாள். வண்டி ஒத்துழைத்தது. அதற்கடுத்த வளைவில் ரொம்ப முன்னாலேயே பிடித்தாள். அதற்கும் ஒத்துழைத்தது. அச்சமோ ஆசையோ எரிச்சலோ எதுவும் இல்லை. எதைச் சொன்னாலும் “சரிங்க” என்று தலையாட்டுகிறவருடன் பேசிக்கொண்டிருப்பதைப் போல இருந்தது.

அட்டகட்டியில் பூங்கோதை வெகுநேரம் காத்திருந்த பிறகு தகைவிலான் வந்து சேர்ந்தது. திருமூர்த்தி தலைக்கவசத்தைக் கழற்றினார். முகம் வெளுத்திருந்தது, ஆனால் சிரித்துக்கொண்டிருந்தார்.

“உசுரே போயிருச்சுங்க. ஆனா ஒண்ணு கவனிச்சேன். கீழ ஒரு நாய்க்குட்டி குறுக்க ஓடி வந்துச்சு. நான் பாக்கறதுக்கு முன்னாடியே உங்க வண்டி ஒதுங்கி நின்னுருச்சு. அப்புறம் அது அந்தப் பக்கம் போய்ச் சேர்ற வரைக்கும் நகரமாட்டேன்னுருச்சு. அதோட கோபமெல்லாம் ரோட்டு மேலதானுங்க.”

நான்கு பேர் அந்த வண்டியில் ஏறியிருக்கிறார்கள். ஒருவரும் இதைச் சொன்னதில்லை. அது பூங்கோதைக்குப் பிடித்திருந்தது. அதனாலேயே கோபமும் கூடியது.

“உங்க வண்டியக் கழுவிட்டீங்களா?”

அவர் தரையைப் பார்த்தார். “போன வாரமுங்க.”

“நீங்க என்னை இவ்வளவு படிச்சிட்டீங்க. எனக்கு வெறுந்தாளக் குடுத்துட்டீங்க. இது நியாயமுங்களா?”

“நியாயமில்லீங்க.” அவர் வல்லூறின் கவசத்தைத் தடவினார். “எனக்கு வேகம்னா பயம். சின்ன வயசுல இருந்தே. அழகா இருக்குன்னுதான் இதை வாங்கினேன். பத்து வருசத்துல இதையும் பயந்தாங்கொள்ளியா ஆக்கிட்டேன். போன தடவை ஒரு பொண்ணு ஓட்டிட்டு வந்து, எல்லார் முன்னாடியும், கிழவி தள்ளுவண்டி மாதிரி இருக்குதுன்னு சொன்னாங்க. நீங்க டயர் கம்பெனில ஓட்டறவங்கன்னு தெரிஞ்சதும்…” முடிக்காமல் நிறுத்தினார்.

பூங்கோதை தன் சாவிக்காகக் கையை நீட்டினாள். அவர் கொடுத்தார். அவள் திரும்பி நடந்தபோது பின்னாலிருந்து கூப்பிட்டார்.

“ஏனுங்க. இறங்கறப்ப இதை நானே ஓட்டறேன். பொதுக்குணத்தையும் அணைச்சுடறேன். அப்புறம் இதுல ஒண்ணுமே இருக்காது, நான் மட்டுந்தான் இருப்பேன். பின்னாடி வந்து பாருங்க. பாத்துட்டு வேண்டாம்னு சொல்லுங்க.”

முறைப்படி இது சவாரியே அல்ல. ஆனாலும் அவள் சம்மதித்தாள்.

அப்படி ஓர் இறக்கத்தை அவள் வாழ்க்கையில் பார்த்ததில்லை. பந்தயத்துக்குப் பிறந்த வல்லூறு ஒவ்வொரு வளைவுக்கும் எட்டத்திலேயே சிவப்பு விளக்கு எரிய, ஒலிப்பானை அடித்துக்கொண்டு, ஒற்றைக்காலைத் தரைப்பக்கம் நீட்டியபடி இறங்கியது. பின்னால் சேர்ந்த இளவட்டங்கள் கத்தினார்கள். திருமூர்த்தியின் தோள்கள் கூச்சத்தில் குறுகின. ஆனால் வேகம் கூடவில்லை. ஓரிடத்தில் வரையாடுகள் சாலையில் நின்றிருந்தன. அவர் மோட்டாரையே அணைத்துவிட்டு, அவை நிதானமாகப் பாறையில் ஏறும் வரை உட்கார்ந்திருந்தார். தகைவிலான் அவள் தொடைகளுக்கிடையே துடித்துக்கொண்டே இருந்தது. முந்திப் போகச் சொல்லி முறுக்கியது. அவள் பிடித்து நிறுத்தினாள். பத்துப் பதினைந்து வளைவுகளுக்குப் பிறகு அந்தத் துடிப்பு தானாகவே அடங்கியதை வியப்போடு உணர்ந்தாள். இவ்வளவு பயப்படுகிற ஒரு மனிதர், பயத்தை மறைக்காமல், அவள் கண்முன்னால் அத்தனை வளைவுகளையும் இறங்கிக்கொண்டிருந்தார். சோதனைத் தடத்தில் அவள் பார்த்த எந்த வீரனும் இதைச் செய்திருக்க மாட்டான்.

அணைக்கு வந்து சேர்ந்தபோது பஜ்ஜி தீர்ந்திருந்தது. அண்ணி எழுந்து ஓடி வந்தாள்.

“என்ன அம்மிணி, இவ்வளவு நேரம்? என்ன ஆச்சு?”

“ரொம்ப மெதுவாப் போறாருங்க அண்ணி” என்றாள் பூங்கோதை. “எனக்குப் புடிச்சிருக்கு.”

தை மாதம் கல்யாணம் நடந்தது. உடுமலை வீட்டு முற்றத்தில் இரண்டு வண்டிகளும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஞாயிறுகளில் சேர்ந்தே மலை ஏறினார்கள், அவர் முன்னால், அவள் பின்னால். திருமூர்த்தியின் வேகம் கூடவே இல்லை. தகைவிலானைக் கழுவிச் சாந்தப்படுத்தச் சொல்லி அவளிடம் அதற்குப் பிறகு யாரும் வாய் திறக்கவும் இல்லை.

ஆடி மாதத்தில் ஒரு நாள் தகைவிலான் பழுதுபார்க்கப் போயிருந்தது. வால்பாறையில் கம்பெனி வேலை. வல்லூறை எடுத்துக்கொண்டு பூங்கோதை தனியாகக் கிளம்பினாள். மலையில் வேறு வண்டியே இல்லை, மெல்லிய சாரல். வளைவுக்கு வெகு முன்னாலேயே வண்டி தயங்கியதும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவர் கை வண்டியில் அப்படியே இறங்கியிருக்கிறது. ஆனால் வளைவைத் தாண்டி நேர்ச்சாலைக்கு வந்து அவள் முறுக்கியபோதும் வண்டி உடனே போகவில்லை. ஒரு நொடி தாமதித்துவிட்டுத்தான் வேகமெடுத்தது. அடுத்த வளைவிலும் அதேதான். மோட்டாரில் கோளாறோ என்று நினைத்தாள். அதற்கடுத்த வளைவில் முன்திரையைக் கவனித்தாள். வண்டியின் பின்பக்கக் கேமராக் கண் திறந்து, அவள் கடந்துவந்த வளைவையே துழாவிக்கொண்டிருந்தது.

ஓரமாக நிறுத்திவிட்டு அவரைக் கூப்பிட்டாள். “ஏனுங்க, உங்க வண்டி ஒவ்வொரு வளைவு தாண்டியும் நின்னு நின்னு எதையோ தேடுது.”

மறுமுனையில் அவர் எழுந்து கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

“உன்ற வண்டி விளக்கைத்தான் கோதை” என்றார் திருமூர்த்தி. கூச்சத்தில் அவர் குரல் இறங்கியிருந்தது. “அன்னைக்கு இறங்கறப்பவே அப்படித்தான் பண்ணினேன். கண்ணாடில உன்ற விளக்குத் தெரிஞ்சாத்தான் அடுத்த வளைவுக்குப் போவேன். அது கத்துக்கிட்ட மொத விஷயமே அதுதான். மாத்தோணும்னா…”

“மாத்த வேண்டாமுங்க.”

அன்று ஒரு வளைவில்கூட அவர் அவள் பார்வையிலிருந்து மறையவில்லை என்பது அவளுக்கு இப்போது நினைவு வந்தது. மெதுவாகப் போகிற மனிதர் என்றுதான் நினைத்திருந்தாள். தடத்தில் நூறு வண்டிகளை ஓடவிட்டுப் பார்த்தவளுக்காக, ஒருவர் ஒவ்வொரு வளைவிலும் தாமதித்திருக்கிறார்.

மீண்டும் ஏறி உட்கார்ந்தாள். அடுத்த வளைவில் வல்லூறு வழக்கம்போல் வேகத்தைக் குறைத்து, சாரல் மூடிய வெறுஞ்சாலையைத் திரும்பிப் பார்த்தது.

பூங்கோதை குனிந்து, நனைந்த அதன் கழுத்தைத் தட்டிக்கொடுத்தாள்.

“இங்கதான் இருக்கேன்” என்றாள். “போ.”