பத்தொன்பது புள்ளிக்கு ஒரு பேனர்

சிரிப்பு வந்தால் அடக்கத் தெரியாது யூரிமுக்கு. சாவு வீட்டில்கூட ஒருமுறை சிரித்து அம்மாவிடம் கிள்ளு வாங்கியவள். அன்றைக்கு நடு ரோட்டில், கொட்டுகிற மழையில், அவளைக் கிள்ளுவதற்கு ஆளும் இல்லை.

காரை ஓரம் கட்டி, கண்ணாடியை இறக்கி, முச்சந்தியில் தொங்கிய அந்த பேனரை இன்னொரு தரம் படித்தாள்.

'வாழ்த்துகள்! மாகாண வாலிபால் போட்டி, முதல் சுற்று, முதல் செட்டில் 19 புள்ளி எடுத்த தல்லே நடுநிலைப் பள்ளி மாணவிகள்! – ஊர் இளைஞர் சங்கம்.'

பேனர் புதிதில்லை. யார் மகன் நீதிபதி ஆனாலும், யார் மகளுக்கு அரசு வேலை கிடைத்தாலும் ஊர் முச்சந்தியில் மறுநாளே பேனர் ஏறிவிடும். ஆனால் இருபத்தைந்து எடுத்தால்தானே ஒரு செட்? பத்தொன்பது என்றால் தோல்வியல்லவா... தோல்விக்கா பேனர்?

வாய்விட்டுச் சிரித்தாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

"சிரிச்சு முடிச்சாச்சுன்னா, இறங்கி வந்து கொஞ்சம் இந்த ஏணியப் பிடிக்கிறீங்களா?"

குரல் மேலேயிருந்து வந்தது. பேனரின் ஒரு மூலையில், மின்கம்பத்தில் சாய்த்த ஏணியின் உச்சியில் ஒருவன். கையில் கயிறு. தொப்பலாக நனைந்திருந்தான்.

ஏணியின் கால் சேற்றில் நழுவுவதைப் பார்த்து அலறியடித்துக்கொண்டு ஓடினாள். இரண்டு கையாலும் பிடித்தாள்.

"நான் சிரிச்சது..."

"கேட்டுச்சு. பக்கத்து ஊருக்கே கேட்டிருக்கும்."

"மன்னிச்சுக்கங்க. தோத்ததுக்கு யாரும் பேனர் கட்டி நான் பாத்ததில்ல."

"தோத்ததுக்கு யாரு கட்டுனா? பத்தொன்பதுக்குக் கட்டுறோம்." முடிச்சைப் பல்லால் கடித்து இறுக்கினான். "போன வருஷம் ஏழு."

சொல்லிவிட்டுக் குனிந்து பார்த்தான். இமையெல்லாம் மழை. அதற்குள் இரண்டு கண்கள்... கோபமா, வருத்தமா, இரண்டும் இல்லாத வேறு எதுவோவா... யூரிமுக்குச் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

அவன் பெயர் கூ சாங்யூன். அந்த வாலிபால் அணியின் ஆறு பெண்களுக்கும் கோச்.

அவள் தோ யூரிம். சியோலில் தொலைக்காட்சித் தொடர்களுக்கு எழுதுகிறவள். பத்து வருடம் அடுத்தவர் பெயரில் எழுதிய பிறகு, முதன்முறையாக அவள் பெயரிலேயே ஒரு தொடர் கிடைத்திருந்தது. கிராமத்துப் பள்ளியில் தடுமாறி, கடைசியில் கோப்பை வெல்கிற ஒரு விளையாட்டு அணியின் கதை. தகவல் திரட்டத்தான் புறப்பட்டாள். ஆனால் தல்லேக்கு இல்லை. கோப்பைகளாக வாங்கிக் குவிக்கிற ஒரு டவுன் பள்ளிக்கு. ஆறு பெருகியதில் கைப்பேசியின் வரைபடம் அவளை இந்தப் பக்கம் திருப்பிவிட்டது.

"பாலம் தண்ணிக்குள்ள கெடக்கு. சாயங்காலம் வரைக்கும் நீங்க எங்கயும் போக முடியாது" என்றான் இறங்கியபடி. "வாங்க. மழைக்கு எல்லா வீட்லயும் வெங்காயத்தாள் அடை சுட்டுட்டு இருப்பாங்க. சிரிச்சதுல பசிச்சிருக்கும்."

சாயங்காலம் பாலத்தில் தண்ணீர் வடிந்தது. யூரிம் போகவில்லை. மூன்று வாரம் இருந்தாள்.

ஊர்மன்றத்தின் மாடியில் ஓர் அறையைத் திறந்துவிட்டார் ஊர்த் தலைவர் யாங். எதையும் அவசரமாகச் செய்து முடிக்கிற மனிதர். யூரிம் பல் துலக்கி முடிப்பதற்குள், 'ரைட்டரம்மா வந்திருக்காங்க, காய்கறி இருக்கறவங்க கொண்டாந்து குடுங்க' என்று ஊர் ஒலிபெருக்கியில் அறிவித்துவிட்டார்.

அணி என்றால் சரியாக ஆறு பேர். மாற்று ஆள் கிடையாது. ஒருத்திக்குக் காய்ச்சல் வந்தால் அணிக்கே காய்ச்சல். பயிற்சி, வெங்காயம் காயவைக்கிற கொட்டகையில். அறுவடை மூட்டைகளை ஓரமாக அடுக்கிவிட்டு நடுவில் வலை கட்டுவார்கள். பந்திலும் வெங்காய வாடை, சட்டையிலும் வெங்காய வாடை.

"எதிர் டீம் அழறதுக்காகவாவது இது உதவணுமில்ல?" என்றாள் யூரிம்.

"எங்க... நாங்கதான் அழறோம்" என்றான் சாங்யூன்.

மூன்றாவது வாரக் கடைசியில், பள்ளியின் பழைய மஞ்சள் மினிபஸ்ஸில் அவளைப் பேருந்து நிலையத்துக்குக் கொண்டுபோனான். அவளுடைய கார் சேற்றில் மாட்டி மெக்கானிக்கிடம் கிடந்தது. வழியில் தூறல் போட்டது. வைப்பரைத் தட்டிவிட்டவன் சிரித்துக்கொண்டான்.

"என்ன?"

"போன வருஷம்... ஏழு புள்ளி எடுத்தோமே, அன்னைக்கு. பிள்ளைங்கள ஏத்திட்டு இதே ரோட்ல வந்தேன். இதே மாதிரி மழை. ஆறு பேரும் பின்னாடி தூங்கிட்டாங்க. நான் ஊர் வர்ற வரைக்கும் அழுதுட்டே ஓட்டுனேன். வைப்பர் கண்ணாடிக்குத்தானே இருக்கு, கண்ணுக்கு வைக்கலயே..."

அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"தோத்ததுக்கு அழல" என்றான். "ஜெயிக்கறதுன்னா என்னன்னு அதுங்களுக்குக் காட்ட எனக்குத் தெரியலயேன்னு அழுதேன்." கியரை மாற்றினான். "எங்க தோல்விய எழுதிக்கங்க. வெங்காய நாத்தத்த எழுதிக்கங்க. இத மட்டும் வேண்டாம், ரைட்டர் மேடம். பிள்ளைங்க பாக்கும்."

"எழுத மாட்டேன்."

அவன் சுண்டுவிரலை நீட்டினான். அவள் தன் சுண்டுவிரலைக் கோத்தாள். பிறகு, சின்னப் பிள்ளைகள் செய்வதுபோல, கட்டைவிரலோடு கட்டைவிரலை அழுத்தி முத்திரை வைத்தார்கள். முத்திரை வைக்க அவ்வளவு நேரம் தேவையில்லை... ஆனாலும் இருவரும் விரலை எடுக்கவில்லை.

இலையுதிர் காலத்தில் தொடர் ஒளிபரப்பானது. சனி ஞாயிறு இரவு எட்டு மணிக்குத் தல்லே ஊரே மன்றத்தில் கூடியது. ஒவ்வொரு பகுதியும் முடிந்ததும் சியோலில் இருந்த யூரிமுக்குச் சாங்யூனிடமிருந்து செய்தி வரும்.

'உங்க கதாநாயகி சர்வீஸ் போடும்போது கோட்ட மிதிச்சா. நடுவர் தூங்குறாரா?'

'அழகா இருக்காளேன்னு விட்டுட்டாரு' என்று பதில் போடுவாள்.

'அழகுக்கெல்லாம் புள்ளி குடுத்தா நீங்களே தனியா ஆடி ஜெயிப்பீங்க.'

அந்த வரியை எத்தனை முறை படித்தாள் என்று கேட்காதீர்கள். பேருந்தில் படித்தாள், லிப்டில் படித்தாள், இயக்குநர் திட்டிக்கொண்டிருக்கும்போது மேசைக்கடியில் வைத்துப் படித்தாள்.

ஒன்பதாவது பகுதி வந்தது.

அந்தத் தொழிலில் எழுதி முடித்துவிட்டுப் படம் பிடிப்பதில்லை. எழுத எழுதப் பிடிப்பார்கள். அங்கே விளக்குகள் எரிந்துகொண்டிருக்கும், நடிகர்கள் ஒப்பனையோடு உட்கார்ந்திருப்பார்கள், இங்கே யூரிமின் கணினியிலிருந்து பக்கம் பக்கமாகப் போகும்.

"இன்னும் நாலு பக்கம் வேணும். மதியத்துக்குள்ள" என்றார் இயக்குநர் போனில். "மழை வேற நல்லா பெய்யுது, அத விட்டுடாதீங்க."

தலை காலியாக இருந்தது. ஜன்னலில் மழை வழிந்தது... விரல்கள் தாமாக ஓடின. மஞ்சள் மினிபஸ். வைப்பர். அழுதுகொண்டே ஓட்டுகிற ஒருவன். அதோடு தன் கற்பனையில் ஒன்றைச் சேர்த்தாள். பின்னால் அந்த ஆறு பெண்களும் தூங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டு, சத்தம் காட்டாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

நான்கு பக்கமும் போய்விட்டன. அதன் பிறகுதான் தன் கட்டைவிரலைப் பார்த்தாள். பக்கங்களைத் திரும்பக் கேட்டிருக்கலாம். இல்லை, கேட்டிருக்கவேண்டும். இது நன்றாக வந்திருக்கிறதே என்ற ஆசை அவள் கையைக் கட்டிப்போட்டது. அந்த ஆசைக்கு நான் சமாதானம் சொல்ல வரவில்லை. அவளும் சொல்லிக்கொள்ளவில்லை.

நாடே அழுதது. அதுவரை எந்தப் பகுதிக்கும் அவ்வளவு பார்வையாளர்கள் வந்ததில்லை. தல்லேயிலிருந்து மட்டும் செய்தி இல்லை. போன் அடித்தாள், எடுக்கவில்லை. மூன்றாம் நாள் ஒரே ஒரு வரி வந்தது.

'சுண்டுவிரல் போதாதுன்னு தெரியாமப் போச்சு.'

பத்து வருடமாக ஊருக்கெல்லாம் வசனம் எழுதுகிறவள் பதில் எழுத உட்கார்ந்தாள். 'மன்னிச்சுடுங்க' என்று அடித்தாள், அழித்தாள். ஊரே உங்களைக் கொண்டாடுகிறதே, இதில் என்ன கேவலம் என்று வீம்பாக அடித்தாள், அதையும் அழித்தாள். ஒரு காட்சிக்காக அவனையே இழந்துவிட்டோமா... அந்த எண்ணம் வந்தபோது காபிக் கோப்பையைக் கீழே வைக்க மறந்து அப்படியே நின்றாள்.

மூன்று வாரம் கழித்து, பள்ளி விடுகிற நேரத்தில் போன் வந்தது. அணித்தலைவி போமி.

"ரைட்டரக்கா... உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"என்னது?"

"நாங்க முழிச்சுட்டு இருந்தது."

யூரிம் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள்.

"சாருக்குத் தெரியவே கூடாதுன்னு ஆறு பேரும் சத்தியம் பண்ணியிருந்தோம். டிவில அது வந்ததும் சார் எங்களத் திரும்பிப் பாத்தாரு. நாங்க ஒருத்தியும் நிமிரல. அதுலயே புரிஞ்சுபோச்சு அவருக்கு."

"ரொம்பக் கோவமா இருக்காரா?"

"முதல்ல பேசவே இல்ல. அப்புறம் ஒரு நாள் பிராக்டிஸ் நடுவுல, 'அன்னைக்கு நான் வண்டிய ஒழுங்காத்தானே ஓட்டுனேன்?'னு கேட்டாரு. 'கொஞ்சம் ஆடுச்சு சார்'னேன். எல்லாரும் சிரிச்சுட்டோம். அவரும்தான்." போமியின் குரல் தணிந்தது. "இப்ப கோவமில்லக்கா. வெக்கம். போன எடுப்பாரு, பாப்பாரு, பாக்கெட்ல போட்டுக்குவாரு. எங்களுக்கே பாக்கக் கஷ்டமா இருக்கு."

அன்று மாலைதான் யூரிம் கடைசிப் பகுதியை எழுத உட்கார்ந்தாள். நிறுவனத்தில் அவளிடம் முன்பே சொல்லியிருந்தார்கள்: கடைசியில் கோப்பை வேண்டும். தங்க நிறத் தாள் மழை, தோளில் தூக்கிய கோச், எல்லாம் வேண்டும்.

அவள் எழுதியதில் கோப்பை இல்லை.

"தோத்துப்போறத யாரு பாப்பாங்க?" என்றார் இயக்குநர்.

"பத்தொன்பது புள்ளிக்கு பேனர் கட்டுன ஊர் ஒண்ணு இருக்கு. அவங்க பாப்பாங்க."

"படப்பிடிப்புக்கு நாளைக்குக் காலைல தாள் வரணும்."

"வரும். அதுக்கு முன்னாடி ஒருத்தர் படிக்கணும். அவர் வேண்டாம்னா மாத்துறேன்."

பத்து வருடத்தில் முதன்முறையாக, அவள் எழுதிய தாள் படப்பிடிப்புக்குப் போகாமல் வேறு திசையில் போனது. நான்கு மணி நேரம் அவளே காரை ஓட்டினாள். வழியெல்லாம் முட்டைக்கோஸ் வயல்கள். தல்லேக்கு அருகில் மழை பிடித்துக்கொண்டது.

முச்சந்தியில் ஒரு புது பேனர்.

'வாழ்த்துகள்! நம் கோச் கூ சாங்யூன் – எழுத்தாளர் தோ யூரிம்! முதல் செட் நமதே! – ஊர் இளைஞர் சங்கம்.'

அதன் ஒரு மூலையில் ஏணி. ஏணியின் உச்சியில் அவன், முடிச்சை அவிழ்க்க மல்லுக்கட்டிக்கொண்டு.

நான்கு மணி நேரமாக ஒத்திகை பார்த்த மன்னிப்பெல்லாம் மறந்துபோயிற்று. பொத்துக்கொண்டு வந்தது சிரிப்பு.

ஏணியில் இருந்தவன் அப்படியே உறைந்தான். அந்தச் சிரிப்பை அவனுக்குத் தெரியாதா? மெல்லத் திரும்பிப் பார்த்தான். முகம் காது வரை சிவந்திருந்தது.

"நாளைக்கு சியோல் போகணும், உங்க கோட்டு குடுங்கன்னு தலைவர்கிட்ட கேட்டேன்" என்றான் ஈனக்குரலில். "எதுக்குன்னாரு. ரைட்டர்கிட்ட மனசுல இருக்கறதச் சொல்லணும்னேன். அவ்வளவுதான் சொன்னேன்... மத்தியானத்துக்குள்ள அச்சடிச்சு ஏத்திட்டாரு."

மன்ற வாசலில் குடையோடு நின்ற யாங் தலைவர் கத்தினார்: "கிழிச்சுடாதீங்க கோச்சு! ரெண்டு பக்கமும் அச்சடிச்சிருக்கு!"

யூரிம் ஓடிப்போய் ஏணியைப் பிடித்தாள். சிரிப்பு நின்றிருந்தது. கன்னத்தில் வழிவது மழை மட்டும்தானா என்று அவளுக்கே தெரியவில்லை.

"வாக்குக் குடுத்து மீறிட்டேன்" என்றாள். "நல்லா வந்துச்சேங்கற ஆசையில அனுப்பிட்டேன். வேற காரணமே இல்ல. என்ன மன்னிச்சுடுங்க."

அவன் கயிற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"தனியா அழுதேன்னுதான் ஒரு வருஷமா நெனச்சுட்டு இருந்தேன்" என்றான். "தனியா இல்லன்னு நீங்க எழுதித்தான் எனக்கே தெரிஞ்சுது. கோவம் வந்துச்சு. நெசமாவே வந்துச்சு. ஆனா நீங்க போன் பண்றத நிறுத்துனதும், அந்தக் கோவத்த வெச்சுட்டு என்ன பண்றதுன்னு தெரியல."

"கடைசிப் பகுதி கொண்டுவந்திருக்கேன். நீங்க படிச்சாத்தான் படப்பிடிப்புக்குப் போகும்."

"தோக்குறாங்களா?"

"தோக்குறாங்க. ஆனா ஒரு செட் ஜெயிக்கிறாங்க."

"ஒரு செட்டா!" அவன் விழிகள் விரிந்தன. "கொஞ்சம் ஓவரா இல்ல?"

அவள் அண்ணாந்து பார்த்தாள். அதே இமைகள், அதே மழை. இந்த முறை அந்தக் கண்களில் இருந்தது என்னவென்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

"மனசுல இருக்கறதச் சொல்லணும்னு இருந்தீங்களாமே..."

"சியோல் போற வழியில நாலு மணி நேரம் யோசிச்சுக்கலாம்னு இருந்தேன். இப்ப ஒண்ணுமே தயாரா இல்ல."

"ஒரு வரி போதும். வசனம் வேண்டாம்."

மழை பேனரில் தட்டிக்கொண்டிருந்தது. மன்ற வாசலில் தலைவரோடு ஆறு பெண்களும் வந்து நின்றுவிட்டார்கள். அவன் அவர்களைப் பார்த்தான். அன்றைக்குப்போல ஆறு பேரும் கண்களை இறுக மூடிக்கொண்டார்கள்.

"எனக்கு உங்களப் பிடிச்சிருக்கு, யூரிம்" என்றான். "அன்னைக்கு நீங்க இதே எடத்துல சிரிச்சப்பவே."

"எனக்கும்தான்... போன வருஷம் ஏழுன்னு சொன்னீங்களே, அப்பவே."

அவன் மூச்சு விட்டான். பிறகு பாதி அவிழ்ந்த முடிச்சைப் பார்த்து, "இத என்ன பண்றது?" என்றான்.

யூரிம் ஏணியை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"இன்னொரு முடிச்சு போடுங்க. காத்து பலமா அடிக்குது."